கிணற்றுத் தண்ணி ரிப்போர்ட்டை லாச்சிக்குள் வைக்காதீர்கள்

பதிவு நீளம்தான். மாரி பெய்யத் தொடங்க முன்னர் எழுதிவிட வேண்டும் என்று நினைத்த விஷயம் இது. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள்.

எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது. "ஈ.கோலை இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குறூப்பில் போடுவார்கள். "இருக்கிறது" என்று வந்தால் அது மேசை லாச்சிக்குள் போய்விடும். கேட்டால் பல காரணம். காணி விலை விழுந்துவிடும், சாப்பாட்டுக் கடைக்கு ஆள் வராது, பக்கத்து வீட்டுக்காரரோடு "உங்கட குழியாலதான்" என்று சண்டை வரும், மகளுக்குக் கலியாணம் பேசுகிற நேரம் இது என்று போகும் கதை.

அந்த ரிப்போர்ட் உங்கள் தனிச்சொத்து அல்ல என்பதுதான் என்னுடைய கருத்து. ஒரு கிணற்றில் ஈ.கோலை வந்திருக்கிறது என்றால் அது அந்த ஒழுங்கையில் உள்ள எல்லோருக்குமான செய்தி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளங்க வேண்டுமென்றால் அந்தக் கிருமியின் குடும்பத்தைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். கொஞ்சம் வகுப்பு எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடமாக்கிய ஏணி

பேரிராச்சியம், இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்த எல்லோரும் இதைப் பாடமாக்கியிருப்போம். "டீச்சர், இது சோதனைக்கு வருமா?" என்று பிள்ளைகள் கேட்கிற பாடம் இது. சோதனைக்கு வருவதை விட வீட்டுக் கிணற்றுக்கு வருவதுதான் முக்கியம் என்று நான் சொல்வதுண்டு.

கிணற்று ரிப்போர்ட்டில் வருகிற பெயர்களை விளங்கிக்கொள்ளத் தேவையான வருணத்தின் பெயர் என்ரரோபக்ரீரியாலெஸ். குடலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பற்றீரியாக்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. பெயர் "ஆலெஸ்" என்று முடிந்தால் வருணம், "ஏசியே" என்று முடிந்தால் குடும்பம். 1937இல் ஒட்டோ ரான் என்பவர் என்ரரோபக்ரீரியேசியே என்று ஒரு குடும்பத்தை வகுத்தார். நீண்ட காலமாகக் குடலோடு தொடர்புபட்ட இந்தக் கூட்டம் முழுவதையும் அந்த ஒரே குடும்பத்துக்குள்தான் போட்டு வைத்திருந்தார்கள். 2016இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரம்பரை அலகுகளை ஒப்பிட்டுப் பார்த்து, இது ஒரு குடும்பம் அல்ல, ஒரே வருணத்துக்குள் ஏழு குடும்பங்கள் என்று பிரித்தார்கள். வெளியில் ஒரே மாதிரித் தெரிந்தவர்களின் உள்ளே இருந்த உறவுமுறை அப்போதுதான் சரியாகத் தெரியவந்தது.

இந்த ஏழு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எங்கள் எல்லோருடைய குடலிலும் சாதாரணமாக வாழ்கிற ஈ.கோலை இங்கேதான். 1885இல் தியோடோர் எஷரிச் குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்தது அதை. நெருப்புக் காய்ச்சலைத் தருகிற சல்மொனெல்லா ரைபியும் இங்கேதான். 1880இல் எபெர்த் அதை நுணுக்குக்காட்டியில் கண்டார், 1884இல் காஃப்கி அதை வளர்த்துக் காட்டினார். இரத்தக் கழிச்சலைத் தருகிற சிகெல்லா இதே வருணம். ஒரு காலத்தில் ஊர் ஊராக அழித்த பிளேக் நோயின் கிருமியும் இதே வருணம். ஆஸ்பத்திரிகளில் சலக்குழாய் போட்டவர்களுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் தொற்றித் தொல்லை தருகிற கிளெப்சியெல்லாவும் அப்படியே. தோட்டக்காரர்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் கூழாகி நாறிப் போகிற அழுகலைச் செய்கிற பெக்ரோபக்ரீரியமும் இந்த வருணத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஒரே வருணம், ஆனால் ஒருவர் குடலில் சும்மா இருப்பவர், ஒருவர் ஆளைக் கொல்பவர், ஒருவர் கிழங்கை அழுக்குபவர். குடும்பப் பெயரைப் பார்த்து ஆளின் குணத்தை முடிவு செய்யக் கூடாது. ஆனால் எல்லோருக்கும் பொதுவான சில பழக்கங்கள் உண்டு. அந்தப் பொதுப் பழக்கங்கள்தான் எங்களுக்கு உதவப் போகின்றன.

பொதுப் பழக்கங்களும் அடுப்படியும்

ஒன்று. இவை கோல் வடிவானவை, கிராம் எதிர் வகை. அதாவது 1884இல் கிராம் என்பவர் கண்டுபிடித்த சாயமூட்டலில் ஊதாவைப் பிடித்து வைக்காமல் இளஞ்சிவப்பாகத் தெரிபவை.

இரண்டு. ஒட்சிசன் இருந்தாலும் வாழும், இல்லாவிட்டாலும் வாழும். அமையத்துக்கேற்ற காற்றின்றிவாழ் என்று புத்தகத்தில் படித்தது இதுதான். அதனால்தான் காற்றில்லாத குடலிலும் இருக்கின்றன, மலக்குழியிலும் இருக்கின்றன, அங்கிருந்து கிணற்றுக்கு வந்தாலும் உடனே சாவதில்லை.

மூன்று. குளுக்கோசை நொதிக்கச் செய்யும், நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும். பெரும்பாலானவை ஒட்சிடேசு சோதனையில் எதிரான முடிவு தருபவை. இந்தச் சோதனை ஆய்வுகூடத்தில் சில விநாடியில் முடிகிற ஒன்று. கொலராக் கிருமியும் பார்வைக்கு இவர்களின் சொந்தக்காரர் போலத்தான் இருக்கும். ஆனால் அது ஒட்சிடேசில் நேரான முடிவு தரும், அதன் வருணம் வேறு.

நான்கு. இதுதான் எங்களுக்கு மிகப் பெரிய நல்ல செய்தி. இவை வித்தி உண்டாக்குவதில்லை. ஏர்ப்புவலிக் கிருமி போன்ற சில பற்றீரியாக்கள் கஷ்டம் வந்தால் தடித்த தோலுக்குள் வித்தியாகி ஒளிந்துகொள்ளும், கொதிநீரிலும் தப்பும். இந்த வருணத்துக்கு அந்த வித்தை தெரியாது. தண்ணீர் தளதளவென்று கொதித்தால் கதை முடிந்தது. குளோரினுக்கும் இவை நின்று பிடிப்பதில்லை. "கொதித்தாறிய நீர்" என்று சுகாதாரப் பகுதியினர் சொல்லிச் சொல்லி எங்கள் காதுக்குப் புளித்துப் போன சொல்லுக்குப் பின்னால் இருக்கிற விஞ்ஞானம் இவ்வளவுதான்.

பார்த்தீர்களா, வகைப்பாடு என்பது சும்மா பெயர் அடுக்குவதல்ல. எந்தக் கிருமி எந்த வீட்டுக்காரர் என்று தெரிந்தால் அதை எப்படித் தடுப்பது என்று தெரியும். 2024 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். நவம்பர் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் மாவட்டத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து ஆட்கள் மௌத்தானார்கள். "மர்மக் காய்ச்சல்" என்று எல்லோரும் பயந்தோம். கடைசியில் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அதன் கிருமி லெப்ரோஸ்பைரா. சுருள் வடிவானது, கணமே வேறு. எலியின் சலம் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் நிற்கும்போது தோலில் உள்ள சின்னக் காயம் வழியாக உடம்புக்குள் போவது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பவரும் வெறுங்காலோடு வயலில் இறங்கினால் அவருக்கு வரலாம். அதற்கு வேறு பாதுகாப்பு, வேறு முற்காப்பு மருந்து. எல்லாக் காய்ச்சலையும் "தண்ணியால வந்தது" என்று ஒரே மூட்டையில் கட்டினால் ஒன்றையும் தடுக்க மாட்டோம்.

ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது

இப்போது லாச்சிக்குள் கிடக்கிற அந்தத் தாளுக்கு வருவோம். அதில் பொதுவாக இரண்டு வரி முக்கியம். மொத்தக் கோலிபோம் என்று ஒன்று, ஈ.கோலை என்று ஒன்று.

கோலிபோம் என்பது இந்த வருணத்தில் பால்வெல்லமான இலற்றோசை நொதிக்கச் செய்கிற ஒரு கூட்டம். அவர்களில் சிலர் மண்ணிலும் இலைகுழையிலும் இயல்பாகவே வாழ்பவர்கள். எனவே மொத்தக் கோலிபோம் மட்டும் இருந்தால் "கிணறு திறந்து கிடக்கிறது, வெளித்தண்ணீர் உள்ளே போகிறது" என்று எடுக்கலாம். ஈ.கோலை அப்படியல்ல. அது இரத்தச் சூடுள்ள உயிரின் குடலிலிருந்து வந்தது. ஆடு மாடு நாயாகவும் இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம். ஆனால் மலம். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் விதி.

பலரும் தவறாக விளங்கிக்கொள்கிற இடம் இது. "ஈ.கோலை தானே, எங்கட வயித்துக்குள்ளயே இருக்கிறதுதானே, அது என்ன செய்யும்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஈ.கோலையில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, சில வகைகள்தான் நோய் தருபவை. ஆனால் ஆய்வுகூடம் அதைத் தேடுவது அது கொலைகாரர் என்பதற்காக அல்ல. அது சாட்சி. மலக்குழியிலிருந்து உங்கள் கிணற்றுக்கு ஒரு பாதை திறந்திருக்கிறது, நான் அந்தப் பாதையால்தான் வந்தேன் என்று சொல்லுகிற சாட்சி.

சல்மொனெல்லா ரைபியும் சிகெல்லாவும் இலற்றோசைப் பொதுவாக நொதிக்கச் செய்வதில்லை. அதனால் அவர்கள் கோலிபோம் கணக்கில் வருவதே இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் நெருப்புக் காய்ச்சல் கிருமி இருக்கிறதா இல்லையா என்று எழுதியிருக்காது. அவர்கள் இன்றைக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் பாதை திறந்திருக்கிறது. அந்தப் பாதையின் மறுமுனையில் இருக்கிற குழியைப் பாவிக்கிற ஒருவருக்கு நாளைக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தால், அதே பாதையால் அது உங்கள் வாளிக்குள் வரும்.

சல்மொனெல்லா ரைபிக்கு இன்னொரு குணம் உண்டு. மனிதனைத் தவிர அதற்கு வேறு வீடு கிடையாது. கோழியில் இல்லை, மாட்டில் இல்லை, எலியில் இல்லை. ஒருவருக்கு நெருப்புக் காய்ச்சல் வந்திருக்கிறது என்றால் இன்னொரு மனிதனின் மலம் ஏதோ ஒரு வழியில், தண்ணீரிலோ சாப்பாட்டிலோ, அவருடைய வாய்க்குப் போயிருக்கிறது. கேட்க அருவருப்பாக இருக்கும். உண்மை அதுதான். கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் தொடங்க அனேகமாக ஒன்று தொடக்கம் மூன்று கிழமை எடுக்கும். அதற்குள் எங்கே என்ன குடித்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது? கிணற்றுக்கும் காய்ச்சலுக்கும் நாங்கள் முடிச்சுப் போடாமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் ஒரு வருடத்துக்கு 90 இலட்சம் பேருக்கு நெருப்புக் காய்ச்சல் வருகிறது, 1 இலட்சத்து 10 ஆயிரம் பேர் சாகிறார்கள். இலங்கையில் அது கூடுதலாகப் பதிவாகி வந்த மாவட்டங்களில் எங்கள் யாழ்ப்பாணமும் ஒன்று.

ஏன் இந்த மண்ணில் கூடுதல் கவனம்

குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் நிலத்தடி நீரில். நிலத்தின் கீழே சுண்ணக்கல். சுண்ணக்கல் மணல் போல வடிகட்டாது. அதில் வெடிப்பும் பொந்தும் குகையும் உண்டு. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் எப்படி வந்தன என்று நினைத்துப் பாருங்கள். கீழே தண்ணீர் ஓடுகிற வழிகள் இருக்கின்றன. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி இருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். மணலில் 50 அடி வேறு, வெடித்த சுண்ணக்கல்லில் 50 அடி வேறு. ஒரு வெடிப்பு நேராகப் போனால் அந்த 50 அடிக்கு அர்த்தமில்லை. அதோடு இந்தக் காலத்தில் டவுன் பக்கத்தில் 50 அடிக்கு எங்கே போவது? முன்பு ஒரு குடும்பம் இருந்த காணியில் இப்போது மூன்று நாலு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழி. கிணறு மட்டும் அதே பழைய கிணறு.

எங்கள் முஸ்லிம் சனத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1990 ஒக்ரோபர் 30 அன்று சோனகதெருவும் சுற்றமும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெறுமையானது. திரும்பி வந்து குடியேறியவர்கள் பலர் இடிந்த வீட்டையும் தூர்ந்த கிணற்றையும்தான் கண்டார்கள். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினார்கள். ஆனால் பழைய மலக்குழி எந்த மூலையில் இருந்தது, எது மூடப்பட்டது, எது மூடாமல் மேலே மண் மட்டும் போடப்பட்டது என்று தெரிந்த பெரியவர்கள் பலர் புத்தளத்திலேயே கபுறடங்கிவிட்டார்கள். வலிகாமம் வடக்கில் இடம்பெயர்ந்து இருபது முப்பது வருடம் கழித்துத் திரும்பியவர்களுக்கும் இதே கதைதான். நிலத்துக்கு மேலே இருந்ததைத் திருப்பிக் கட்டலாம். கீழே என்ன இருக்கிறது என்ற அறிவு ஆட்களோடு போய்விட்டது.

இந்தக் குடாநாட்டில் யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்று ஆளைப் பார்த்துத் தீர்மானித்த காலமும் இருந்தது. விஞ்ஞானப் புத்தகத்தில் "சாதி" என்றால் பற்றீரியாவின் ஒரு கூட்டத்துக்கான பெயர். அந்தச் சொல்லை வைத்துத்தான் மனிதனைக் கிணற்றடியிலிருந்து துரத்தினார்கள். மேலே எத்தனை வேலி போட்டாலும் கீழே தண்ணீர் ஒன்றுதான். உங்கள் குழி என் கிணற்றுக்கு வருகிறது, என் குழி அடுத்த தெருவுக்குப் போகிறது. அதில் தமிழர், முஸ்லிம், பெரிய வீடு, சின்ன வீடு கிடையாது.

"முந்தி ஆக்கள் குடிச்சவைதானே"

இந்தக் கதையைத் தொடங்கினால் முதலில் வருகிற பதில் இது. "எங்கட மூத்தவாப்பா தொண்ணூறு வயசு மட்டும் இந்தத் தண்ணியத்தான் குடிச்சவர்."

உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் குடித்துச் செத்தவர்கள் வந்து கதை சொல்வதில்லை. பழைய குடும்பங்களில் "பத்துப் பிள்ளை பெத்து ஆறு தப்பினது" என்பார்கள். மற்ற நாலு பிள்ளைக்கும் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்பதில்லை. அதோடு அந்தக் காலத்துக் கிணற்றைச் சுற்றி இத்தனை குழி இருக்கவில்லை.

இரண்டாவது பதில், "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, மணமில்லை, என்ன ருசி!" என்பது. என்னுடைய முஸ்லிம் சகோதரர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வுழூவுக்கு நீர் ஆகுமா என்று பார்க்கும்போது அதன் அளவையும் நிறம், மணம், சுவை மாறியிருக்கிறதா என்பதையும் பார்க்கப் படித்திருக்கிறோம். அது மார்க்கச் சட்டம். அதைப் பற்றிப் பேச ஆலிம்கள் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. நான் சொல்வது, வுழூவுக்கு ஆகும் என்பதும் குடிக்க ஆகும் என்பதும் இரண்டு வேறு கேள்விகள். கடல் நீரில் வுழூச் செய்யலாம், குடிக்க முடியுமா? ஒரு கிளாஸ் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் ஈ.கோலை இருந்தாலும் நிறம் மாறாது, மணம் வராது, சுவை தெரியாது. எங்கள் மூக்கும் நாக்கும் கண்டுபிடிக்கிற அளவுக்கு வந்தால் அது தண்ணீர் அல்ல, சாக்கடை.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது எவ்வளவு எழும்பினோம். ஊர்வலம், உண்ணாவிரதம், வழக்கு எல்லாம் நடந்தது. எழும்பியது சரி. 2019இல் உயர் நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மணத்தது, குற்றவாளி என்று காட்ட ஒரு கம்பனியும் இருந்தது. ஈ.கோலை கண்ணுக்குத் தெரியாது. குற்றவாளியைத் தேடினால் எங்கள் வீட்டுப் பின்வளவுக்கே வர வேண்டும். அதனால்தான் இதற்கு ஊர்வலம் இல்லை.

குளிசையை நம்பி இருக்க முடியாது

"காய்ச்சல் வந்தால் அன்ரிபயோற்றிக் இருக்குத்தானே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2016 நவம்பரில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஹைதராபாத் நகரில் ஒரு நெருப்புக் காய்ச்சல் பரவத் தொடங்கியது. வழக்கமாகக் கொடுக்கிற மருந்துகள் வேலை செய்யவில்லை. பெரிய ஊசி மருந்தான செஃப்ட்ரயாக்சோனும் வேலை செய்யவில்லை. அந்தக் கிருமியைப் பிரித்துப் பார்த்தபோது, மருந்தை எதிர்க்கிற சக்தியைப் பிளாஸ்மிட் என்கிற ஒரு சிறு மரபணு வளையமாகப் பெற்றிருந்தது தெரியவந்தது. அதே மாதிரியான வளையம் ஈ.கோலையில் ஏற்கெனவே இருந்தது.

ஒரே வருணத்துச் சொந்தக்காரர்கள் என்றேனே, இதுதான் அந்தச் சொந்தத்தின் ஆபத்தான பக்கம். ஒருவருக்கொருவர் இப்படிக் கைமாற்றிக்கொள்வார்கள். நாங்கள் தடிமனுக்கும் இருமலுக்கும் பாமசியில் இரண்டு அன்ரிபயோற்றிக் வாங்கிப் போட்டு, மூன்றாம் நாள் நிறுத்திவிடுகிறோம். அப்போது எங்கள் குடலில் சும்மா இருந்த ஈ.கோலை அந்த மருந்தைத் தாங்கப் பழகுகிறது. பிறகு அது குழிக்குப் போகிறது, கிணற்றுக்குப் போகிறது, கொடிய சொந்தக்காரரைச் சந்திக்கிறது. கிணற்றைப் பாதுகாப்பதும் மருந்தைப் பாதுகாப்பதும் ஒரே வேலைதான்.

காய்ச்சல் விடாமல் அடித்தால் நீங்களாகவே மருந்து தொடங்காமல் டொக்டரிடம் போங்கள். நெருப்புக் காய்ச்சலை உறுதிப்படுத்துகிற இரத்தப் பரிசோதனையில் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். முதலே மருந்து போட்டுவிட்டால் கிருமி வளராமல் போய்விடலாம்.

என்ன செய்யலாம்

இன்று இரவே செய்யக் கூடியது தண்ணீரைக் கொதிக்க வைப்பது. தளதளவென்று ஒரு நிமிடம் போதும். ஆற வைத்து, அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள். கொதித்த தண்ணீரைக் கழுவாத கானுக்குள் ஊற்றினால் செய்த வேலை வீண். கடையில் வாங்குகிற ஆர்.ஓ. தண்ணீருக்கும் இது பொருந்தும். தண்ணீர் நல்லதாக இருந்தாலும் கான் ஊத்தையாக இருந்தால் பயனில்லை.

அடுத்தது பரிசோதனை. வருடத்துக்கு இரண்டு தடவை, மாரிக்கு முன் ஒன்று, வெள்ளம் வடிந்த பின் ஒன்று. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கேளுங்கள், உங்கள் பி.எச்.ஐ.யிடமும் கேளுங்கள். சோடாப் போத்தலில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். கிருமி நீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸ் வைத்து, அன்றைக்கே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவு பிழைக்கும்.

மூன்றாவது, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம். பள்ளிவாசல் நிர்வாகங்கள், கோயில் சபைகள், விளையாட்டுக் கழகங்கள், பழைய மாணவர் சங்கங்கள், உங்களால் ஒரு கொப்பி போட முடியும். ஒவ்வொரு ஒழுங்கையிலும் எந்தக் காணியில் கிணறு, எந்தக் காணியில் குழி, குழிக்கு அடி கட்டப்பட்டிருக்கிறதா, கடைசியாக எப்போது பவுசர் வந்து எடுத்தது என்று எழுதுங்கள். வயதான உம்மாமார், வாப்பாமார், அப்பம்மாமார், தாத்தாமார் இருக்கும்போதே அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், பழைய குழி எந்த இடம் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அவர்கள் போன பிறகு இதைச் சொல்ல ஒரு அரசாங்கக் கந்தோரிலும் ஆள் இல்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் வேறு இல்லை. ஒரு அளவு நாடாவும் கொப்பியும் போதும்.

ரிப்போர்ட் பிழை என்று வந்தால் கொப்பியில் எழுதிச் சுற்றியுள்ள வீடுகளுக்குச் சொல்லுங்கள். யாருடைய பிழை என்று தேட வேண்டாம். நியூயோர்க்கில் மேரி மலன் என்று ஒரு சமையற்காரப் பெண் இருந்தார். தனக்கு ஒரு வருத்தமும் இல்லாமல் நெருப்புக் காய்ச்சல் கிருமியை உடம்பில் காவித் திரிந்தவர். 1907இல் அவரைப் பிடித்து ஒரு தீவில் தனியே வைத்தார்கள். மூன்று வருடத்தில் விட்டார்கள், திரும்பச் சமைக்கப் போனதால் 1915இல் மறுபடி பிடித்து, 1938இல் சாகும் வரை அங்கேயே வைத்திருந்தார்கள். இன்றைக்கும் அவரின் பெயரைத்தான் ஒரு வசைச்சொல்லாக உலகம் சொல்கிறது. நோய் வந்து சுகமானவர்களில் நூற்றுக்கு ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரை இப்படிக் கிருமியை நீண்ட காலம் காவ முடியும். அவர்களுக்கே தெரியாது. ஆளைக் குற்றம் சொல்லத் தொடங்கினால் எல்லோரும் ரிப்போர்ட்டை ஒளிப்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஆளைப் பார்க்காதீர்கள், பாதையைப் பாருங்கள்.

பள்ளிவாசல்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹவுளுக்குக் குளோரின் போடுகிற வேலையை ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள். வுழூவில் வாய் கொப்பளிக்கிறோம், சின்னப் பிள்ளைகள் அதை விழுங்கியும் விடுகிறார்கள். கந்தூரி, கலியாணம், நோன்புக் கஞ்சி என்று நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கிற இடங்களில் கஞ்சி கொதிக்கிறது, பயமில்லை. கொதிக்காதது பக்கத்தில் வைக்கிற சர்பத்தும் ஐஸும் சம்பலும்தான். அவற்றுக்கு எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். சமைப்பவர்கள் கழிவறைக்குப் போய் வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவ ஒரு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல் நீரைக் குடிநீராக்குகிற நிலையம் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. குழாய் நீர் உங்கள் வீதிக்கு வந்திருந்தால் இணைப்பை எடுங்கள், குடிக்கவும் சமைக்கவும் அதைப் பாவியுங்கள். ஆனால் குழாய் வந்துவிட்டது என்று கிணற்றைக் கைவிடாதீர்கள். கைவிட்ட கிணற்றுக்குள் குப்பையும் மலக்கழிவும் போகத் தொடங்கினால், கீழே இருக்கிற முழு ஊரின் தண்ணீரும் போய்விடும். பைப் ஒரு நாள் நிற்கலாம். அந்த நாளில் திரும்பவும் கிணற்றடிக்குத்தான் வருவோம்.

உங்கள் வீட்டு லாச்சிக்குள் அப்படி ஒரு தாள் கிடந்தால் இந்த வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போங்கள். கொமன்டில் போடத் தேவையில்லை. வாசித்து விளங்காவிட்டால் இன்பொக்ஸில் அனுப்புங்கள், எனக்குத் தெரிந்த அளவில் விளக்கம் சொல்கிறேன்.